சதர்ன் கிராஸ் மைனர்: காதல் கதையை விடுங்க, விமானத்தைப் பாருங்க

பில் லங்காஸ்டர்ங்கற பிரிட்டிஷ் விமானி பத்தி யார் எழுதினாலும் அவரோட காதலி சப்பி மில்லர், அவர் மேல மயாமியில போட்ட கொலை வழக்கு, அதுல விடுதலை, அப்புறம் சஹாராவுல சாவுன்னு ஒரு சோகக் காதல் படம் மாதிரியே ஓட்டிட்டுப் போயிடுறாங்க. எனக்கு அதுல பெரிய இன்ட்ரஸ்ட் இல்ல. அந்த ஆள் ஓட்டிட்டுப் போன குட்டி விமானம் யார் கைலேர்ந்து யார் கைக்கு வந்துச்சுன்னு பாருங்க, ஏன் தொலைஞ்சுதுங்கறதுக்குப் பாதி பதில் அதுலயே இருக்கு.

அது ஒரு ஏவ்ரோ ஏவியன், ரெட்டை இறக்கை, மேல மூடி கிடையாது, காத்து நேரா மூஞ்சில அடிக்கும். முதல்ல ஆஸ்திரேலிய விமானி கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித்தோடது. 1928ல பசிபிக்கைத் தாண்டின தன்னோட பெரிய ஃபோக்கர் விமானத்துப் பேரான சதர்ன் கிராஸையே இதுக்கும் வச்சு, கூட மைனர்னு சேத்துக்கிட்டார். 1931ல இதுல தனியா ஆஸ்திரேலியாலேர்ந்து இங்கிலாந்து வந்தார், வண்டி அங்கயே விலைக்குப் போச்சு. லங்காஸ்டரோட அப்பா 700 பவுண்டுக்கு வாங்கிக் கொடுத்தார். கோர்ட்டு கேஸுன்னு அலைஞ்சு கைல காசில்லாம, பேரும் கெட்டுப்போய் நின்ன மகனுக்கு, ஒரு சாதனை பண்ணிட்டா எல்லாம் சரியாயிடும்னு நினைச்சிருப்பாங்க.

என்ன சாதனைன்னா, எமி ஜான்சன்ங்கற பெண் விமானி 1932 நவம்பர்ல இங்கிலாந்துலேர்ந்து கேப்டவுனுக்கு 4 நாள் 6 மணி 54 நிமிஷத்துல போனாங்கல்ல, அதை முறியடிக்கணும். ஆனா அவங்க ஓட்டினது புஸ் மாத்ங்கற விமானம், ஒத்த இறக்கை, மூடின கேபின், ஏவியனை விட வேகமானது. மெதுவா போற வண்டிய வச்சுக்கிட்டு வேகமான வண்டியோட டைமை எப்படிய்யா முந்துறது? தரையில நிக்கற நேரத்தைக் குறைக்கணும், அதாவது தூங்கக்கூடாது. வேற வழியே இல்ல. அதனாலதான் 'அவர் அவசரக்காரர், அவர் குணமே அப்படி'ன்னு சொல்றவங்களை நான் ஒத்துக்கறதில்ல, அந்த 700 பவுண்டு வண்டிய வாங்கின அன்னிக்கே தூக்கம் போச்சு.

1933 ஏப்ரல் 11 இங்கிலாந்துல லிம்ப்ன்லேர்ந்து கிளம்பினார். மறுநாளே அல்ஜீரியாவுல சஹாராக்குள்ள இருக்கற ரெக்கான் வரைக்கும் வந்துட்டார், அசதியில ஆளே தள்ளாடறார், ராத்திரியில தனேஸ்ரூஃப்ட் பாலைவனத்துக்குள்ள போகாதீங்கன்னு அங்கிருந்தவங்க சொல்லியும் கேக்கல. காணாம போனா தேடுறதுக்கான டெபாசிட் கட்டவும் காசில்ல, என் பொறுப்புல போறேன்னுட்டார். கொஞ்ச நேரத்துலயே எஞ்சின் நின்னு, விமானம் கவுந்துடுச்சு. உசுரோடதான் இருந்தார். ஏறக்குறைய 9 லிட்டர் தண்ணி. றெக்கைத் துணியைக் கிழிச்சு பெட்ரோல்ல நனைச்சுக் கொளுத்தி சிக்னல் காட்டிக்கிட்டு, விமானத்தை விட்டு நகராம எட்டு நாள் லாக் புக்ல, அதாவது பயணக் குறிப்பு நோட்டுல, எழுதிக்கிட்டே இருந்திருக்கார். தேடிப் போனவங்க பாதையோட போனாங்க, இவர் பாதையை விட்டு ரொம்பத் தள்ளி விழுந்திருந்தார்.

இதுக்கு நடுவுல பழைய ஓனர் கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித்தே 1935ல வேற விமானத்தோட அந்தமான் கடல் பக்கம் காணாம போயிட்டார். லங்காஸ்டரோட விமானம் கிடைச்சது 1962 பிப்ரவரில, பிரெஞ்சு ராணுவ ரோந்துக்காரங்க கண்ணுல பட்டுச்சு, பக்கத்துல அவர் உடம்பும், துணியில சுத்திக் கட்டின அந்த லாக் புக்கும். விமானத்தை 1975லதான் அங்கேர்ந்து எடுத்தாங்க, கடைசியா பிரிஸ்பேன்ல குவீன்ஸ்லாந்து மியூசியத்துக்குப் போச்சு.

அதே மியூசியத்துலதான் பெர்ட் ஹிங்க்லர்ங்கற விமானி 1928ல இங்கிலாந்துலேர்ந்து ஆஸ்திரேலியா வந்த ஏவியனும் இருக்கு, முழுசா. அதைக் காட்டி இதையும் ரெடி பண்ணி பளபளன்னு வைக்கலாமேன்னு கேப்பாங்க. வேண்டவே வேண்டாங்க! துணி புதுசு, மரம் புதுசு, பெயின்ட் புதுசுன்னு மாத்தினா அது வேற விமானம். இதுல துணி இல்லாததே லங்காஸ்டர் கிழிச்சு எரிச்சதாலயும் மணல் தின்னதாலயும்தான், அதை மூடி மறைச்சுட்டு என்னத்தைப் பாக்கறது? முழு ஏவியன் எப்படி இருக்கும்னு பாக்க ஆசைன்னா அதான் ஹிங்க்லரோடது இருக்கே, அதைப் பாத்துக்கட்டும்.