சேஸி முறுக்கும், பெட்டி முறுக்காது

ஜெர்மன் ராணுவம் கழித்துவிட்ட யுனிமாக் யூ1300எல் லாரியைப் பயண வண்டியாக மாற்றுவது பற்றிய கட்டுரை அருமை. ஒரு வரி மட்டும் உறுத்துகிறது: தங்கும் பெட்டியை சேஸி மேல், அதாவது லாரியின் அடிச்சட்டத்தின் மேல், நேராக போல்ட் போட்டு இறுக்கலாம் என்பது. தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

இந்த லாரியின் சேஸியே முறுக்கிக் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டது. ஒரு சக்கரம் பாறையில் ஏறி, எதிர்மூலைச் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதும் நான்கும் தரையை விடாமல் இருப்பது அதனால்தான். மேலே இருக்கும் பெட்டி அப்படி வளையாது. நண்பர் ஒருவரின் வண்டியில் நேரிலேயே பார்த்தேன். கதவின் மேல்மூலையில் முதலில் தலைமுடி அளவு விரிசல், அதன் வழியே மழைநீர், அப்புறம் கதவே சாத்த முடியவில்லை. நடுவில் ஒரு துணைச் சட்டம் வைத்து, மூன்று அல்லது நான்கு இடங்களில் மட்டும், அசைந்து கொடுக்கும்படி தாங்க வேண்டும். செலவு கூடும்தான், ஆனால் மிச்சம் பிடிக்கும் இடம் இது இல்லை.

இன்னொன்று, போர்ட்டல் அச்சு, அதாவது சக்கரத்தின் மையத்தைவிட உயரத்தில் இருக்கும் அச்சு. நான்கு சக்கர ஹப்பிலும் தனித்தனி பல்சக்கரம், தனித்தனி ஆயில். வாங்கியதும் நான்கையும் வடித்துப் பாருங்கள். பால் நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. டயரில் பட்டன் தேயவில்லை என்று நம்பிவிடாதீர்கள், தேயாமலே பழசாகியிருக்கலாம்; பக்கவாட்டில் உள்ள, செய்த காலத்தைச் சொல்லும் நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2309 என்றால் 2009ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது.

எஞ்சின் 130 குதிரைத்திறன்தான். உள்ளே வைக்கும் ஒவ்வொரு பலகையையும் எடை போட்டுவிட்டு ஏற்றுங்கள்.