எட்டாவது நாள் டயரைக் காட்டுங்கள்

டயர் பாலிஷை ஒப்பிடுகிறேன் என்று ஒருவர் போட்ட அந்த வீடியோவைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி வரைக்கும் பதினேழு பேர் அதை எனக்கே அனுப்பி, "இது உங்க கடைதானுங்களே?" என்று கேட்டுவிட்டார்கள். ஆமாம், எங்கள் கார் வாஷ் கடைதான். இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். எடுத்தவர் யார் என்று இங்கே சொல்ல மாட்டேன். கமென்ட்டில் நீங்களும் சொல்ல வேண்டாம்.

பார்க்காதவர்களுக்கு மட்டும் இரண்டு வரி. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எங்களிடம் ஃபோம் வாஷுக்கு வந்த வண்டி அது. நாலு டயருக்கும் நாங்கள்தான் பாலிஷ் போட்டோம். வண்டிக்காரர் வீட்டுக்குப் போய், ஒரு டயரை அப்படியே விட்டுவிட்டு, மற்ற மூன்றிலும் வேறு வேறு பாலிஷ் பாட்டிலை எடுத்து அடித்து, ஐந்து நிமிடம் கழித்துக் கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறார். எது கண்ணாடி மாதிரி மின்னுகிறதோ அதற்கு முதல் இடம். எங்களுடையது கடைசி. "இது பாலிஷே இல்லைங்க, பச்சைத் தண்ணி. 500 ரூபாய் வாங்கிட்டுத் தண்ணி அடிச்சு அனுப்பிருக்காங்க" என்று சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். டயர் பாலிஷை ஐந்து நிமிடத்தில் ஒப்பிட முடியாது. எட்டு நாள் வண்டியை ஓட்டிவிட்டு ஒப்பிடுங்கள். ஐந்து நிமிடத்தில் எல்லாமே மின்னும். தேங்காய் எண்ணெய் தடவினாலும் மின்னும். ஈரமாக இருக்கிற எதுவும் மின்னத்தான் செய்யும்.

தண்ணி என்றாரே, அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு ஜாதி. ஒன்று பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், அது தண்ணீரில் கலந்தது. இன்னொன்று தெளிவாக, எண்ணெய் மாதிரி வழவழவென்று இருக்கும், அது பெட்ரோலிய சால்வென்ட்டில், அதாவது மண்ணெண்ணெய் மாதிரியான கரைப்பானில், கரைத்தது. இரண்டிலும் மின்ன வைக்கிற சரக்கு பெரும்பாலும் ஒன்றுதான், சிலிகான் எண்ணெய். அதைச் சுமந்து வருகிற திரவம்தான் வேறு. பால் ஜாதியிலேயே தண்ணீர் கலந்து பயன்படுத்துவதற்கென்றே வருகிற சரக்கு உண்டு. மெக்வையர்ஸ் ஹைப்பர் டிரெஸ்ஸிங் வாங்கினால், நல்ல பளபளப்பு வேண்டுமானால் ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர், அடக்கமான கருப்பு போதுமென்றால் நாலு பங்கு தண்ணீர் என்று தயாரித்தவர்களே அளவு சொல்கிறார்கள். கார்ப்ரோ பெர்ல் என்கிற இன்னொரு சரக்கு என்றால் டயருக்கு ஒன்றுக்கு ஒன்று, வெளி பிளாஸ்டிக்குக்கு ஒன்றுக்கு மூன்று, லெதருக்கு ஒன்றுக்கு ஐந்து. தண்ணீர் கலப்பது களவாணித்தனம் இல்லை. அதுதான் அந்தச் சரக்கைப் பயன்படுத்துகிற முறை. இதைத் தெரிந்துகொள்ள அவர் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் நம்பர் பில்லிலேயே இருக்கிறது.

டயர் ஏன் செம்பட்டை அடிக்கிறது என்பதும் தெரிய வேண்டும். ரப்பர் இயற்கையில் கருப்பு இல்லை, வெளிறின நிறம். கார்பன் பிளாக் என்கிற கரித்தூளைச் சேர்ப்பதால்தான் கருப்பும் உறுதியும் வருகிறது. அதோடு ஒரு மெழுகும், ஓசோனால் ரப்பர் வெடிக்காமல் காக்கிற ஒரு மருந்தும் சேர்க்கிறார்கள். வண்டி ஓட ஓட, டயர் மடங்கி விரிய விரிய, அந்த மருந்து உள்ளேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். வந்து காற்றுப் பட்டால் பழுப்பு நிறமாகும். அந்தப் பழுப்பைப் பிரஷ் போட்டு எடுக்காமல் மேலே எதை அடித்தாலும் அது அழுக்குக்கு மேல் பூசின பூச்சுதான். எங்கள் கடையில் கிளீனரை அடித்து, பிரஷ்ஷால் வட்டமாகத் தேய்ப்போம். முதல் தடவை நுரை டிக்காஷன் நிறத்தில் வழியும். இரண்டாவது தடவை டீ நிறம். மூன்றாவது தடவை நுரை வெள்ளையாக நின்றால்தான் பாலிஷ் பக்கம் போவோம். டயர் வேலையில் முக்கால்வாசி இதுதான். வீடியோவில் அவர் பிரஷ்ஷைத் தொடவே இல்லை. நாங்கள் தேய்த்து வைத்த டயர் மேல்தான் அந்த மூன்று பாட்டிலும் அப்படி மின்னின.

"எங்க அப்பா காலத்துல இருந்து டீசல்தான் அடிக்கிறோம், என்ன கெட்டுப்போச்சு?" என்று கமென்ட்டில் ஒருவர் கேட்டிருந்தார். நானும் டீசல் அடித்தவன்தான் சார். பதினாலு வயதில் நாமக்கல்லில் லாரி வாட்டர் சர்வீஸில் சேர்ந்தேன். வண்டியைக் கழுவி முடித்ததும் அடியில் ஆயில் ஸ்ப்ரே, டயருக்கு டீசலும் பழைய இன்ஜின் ஆயிலும் கலந்து ஒரு துணியில் தொட்டுத் துடைப்பு. பூஜைக்கு முந்தின நாள் முப்பது லாரி வரிசையில் நிற்கும். ராத்திரி சோறு பிசைந்தால் கையில் டீசல் வாடைதான் வரும்.

பக்கத்தில் டயர் கட்டுகிற, அதாவது தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டுகிற பட்டறை ஒன்று இருந்தது. அங்கே ஒரு பெரியவர். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, உரித்துப் போட்ட ரப்பர் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்தார். விரல் நகம் இறங்காது, அவ்வளவு கெட்டி. அதை ஒரு பெயின்ட் டப்பாவில் டீசல் ஊற்றிப் போட்டுவிட்டு, "நாளைக்கு வந்து பாருடா" என்றார். மறுநாள் எடுத்துப் பார்த்தால் ஊறின உளுந்து மாதிரி உப்பிக் கிடந்தது. நகத்தால் கிள்ளினேன், பிய்ந்து வந்தது. "இதைத்தான் தினம் தடவறே" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. துடைக்கிறதும் ஊறப்போடுவதும் ஒன்றில்லை என்பீர்கள், சரிதான். ஆனால் மாதம் நாலு தடவை, வருடக்கணக்காகத் துடைத்தால் எங்கே போய் நிற்கும்? அன்றிலிருந்து நான் டயருக்கு டீசல் தொட்டதில்லை. இன்று எம்.ஆர்.எஃப். அரக்கோணத்தில் டயர் செய்கிறது, அப்போலோ ஒரகடத்தில் செய்கிறது, ஜே.கே. ஸ்ரீபெரும்புதூரில் செய்கிறது. இத்தனை டயர் செய்கிற நாட்டில் பலபேர் அதன் மேல் இன்னமும் டீசலைத் தடவிக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

சரி, ஒப்பீட்டுக்கு வருகிறேன். நானும் ஒப்பிட்டுப் பார்த்தவன். போன வருடம் ஐப்பசியில் என்னுடைய பழைய வெள்ளை ஸ்விஃப்ட்டில் செய்தேன். முன்பக்கம் இடது எண்ணெய் ஜாதி, வலது கெட்டி ஜெல். பின்பக்கம் இடது பால் ஜாதி கலக்காமல், வலது அதே பால் ஜாதி தண்ணீர் கலந்து. முன் சக்கரத்தில் பிரேக் தூசி அதிகம் விழும், அதனால் அடுத்த முறை முன்பின் மாற்றிப் போட்டு இன்னொரு தடவை பார்த்தேன். மேட்டுப்பாளையம் ரோடு, அவிநாசி ரோடு, கடைக்கும் வீட்டுக்கும், எட்டு நாளில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல்.

முதல் நாள் சாயங்காலம் எண்ணெய் ஜாதிக்கு ஈடு எதுவும் இல்லை. அப்போதுதான் போட்ட தார் மாதிரி கருகருவென்று நின்றது. அன்றைக்கு வீடியோ எடுத்திருந்தால் நானும் அதற்குத்தான் முதல் இடம் கொடுத்திருப்பேன். இரண்டாம் நாள் மண் தூசி மொத்தமும் அதில் போய் ஒட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் காலையில் வண்டியைச் சுற்றி வந்தபோது, இடது முன் சக்கரத்துக்குப் பின்னால் கதவின் அடிப்பக்கம், விசிறி மாதிரி பழுப்புப் புள்ளிகள். சக்கரம் சுற்றுகிற வேகத்தில் தெறித்தது. விரலால் துடைத்தால் போகவில்லை, இழுவிக்கொண்டு வந்தது. வெள்ளை வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். எட்டாம் நாள் ஒரு வெள்ளைத் துணியால் நாலு டயரையும் துடைத்தேன். எண்ணெய் ஜாதியைத் துடைத்த இடத்தில் துணி சேறாகிவிட்டது. பால் ஜாதி இரண்டிலும் லேசான சாம்பல் நிறம், அவ்வளவுதான். கருப்பு கொஞ்சம் மங்கியிருந்தது, ஆனால் சுற்றிலும் ஒரே மாதிரி மங்கியிருந்தது. திட்டுத் திட்டாக இல்லை.

"மழை பெஞ்சா உன் தண்ணி பாலிஷ் போயிடுமே?" என்று கேட்பார்கள். போகும். ஐந்தாம் நாள் பெய்த மழையில் பாதி போய்விட்டது. ஜெல்தான் மழைக்கு நன்றாக நின்றது, அதை நான் மறைக்கவில்லை. மழைக்காலத்தில் யாராவது கேட்டால் ஜெல்லையே மெல்லிசாகப் போட்டு, கால் மணி நேரம் விட்டு, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுத்துத்தான் அனுப்புகிறேன். ஒற்றாமல் அனுப்பினால் அதுவும் தெறிக்கும்.

"நீ உன் வியாபாரத்துக்குப் பேசுறே" என்பார்கள். கணக்கைச் சொல்கிறேன், கேளுங்கள். எண்ணெய் ஜாதி உதிரியாக 5 லிட்டர் கேனில் வருகிறது, நான் வாங்குகிற பால் ஜாதியைவிட மலிவு. ஸ்ப்ரேயில் ஊற்றி நாலு டயரையும் சுற்றி அடித்தால் இரண்டு நிமிட வேலை. பிரஷ் வேண்டாம், ஆள் வேண்டாம். வாடிக்கையாளரும் வண்டியை எடுக்கும்போது "சூப்பர்ணா" என்று சொல்லிவிட்டுப் போவார். வியாபாரம்தான் குறியென்றால் நான் அதைத்தான் செய்திருக்க வேண்டும். கண்ட கேனையும் வாங்கி அடித்திருக்க வேண்டும். ஒரு வண்டிக்கு இருபத்தைந்து நிமிடம் ஒரு பையனை உட்கார வைத்து டயரைத் தேய்க்கச் சொல்வதில் எனக்கு என்ன லாபம்?

"சால்வென்ட் பாலிஷ் ஒரு தடவை போட்டா டயர் செத்துடுமா?" சாகாது. நான் அப்படிச் சொல்லவும் இல்லை. அடுத்த கேள்வி.

இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும். அந்த வீடியோவில் அவர் ஸ்ப்ரேயைத் தூக்கிப் பிடித்து அடிக்கும்போது டயரின் பட்டன், அதாவது கோடு வெட்டியிருக்கிற பகுதி மேலும் படுகிறது. தரையைத் தொடுகிற பட்டனில் பாலிஷ் படவே கூடாது. வழுக்கும். இதைப் பார்த்துவிட்டு ஒரு காலேஜ் பையன் தன் பைக் டயருக்கு அடித்தால் என்ன ஆகும்? பைக் வளைவில் சாயும்போது டயரின் ஓரத்தில்தான் நிற்கிறது. பைக் டயருக்கு இது எதுவுமே வேண்டாம், சோப்புத் தண்ணீர் போதும். ஆயிரக்கணக்கானவர் பார்க்கிற இடத்தில் இதைச் சொல்லியிருக்க வேண்டாமா? எங்களைத் தண்ணி என்று சொல்ல நேரம் இருந்ததே.

அப்புறம் அந்த டயர். கேமரா கிட்டே போகும்போது வீடியோவை நிறுத்திப் பாருங்கள். பக்கவாட்டில் நாலு இலக்கம் தெரியும், 1518. 2018ஆம் வருடத்தின் பதினைந்தாவது வாரம் செய்த டயர் என்று அர்த்தம். எழுத்துகளைச் சுற்றி முடி மாதிரி மெல்லிய வெடிப்புகள் ஓடுவதும் தெரியும். எங்களுடைய டயரில்தான் அது தெரிகிறது. மற்ற மூன்றிலும் எண்ணெய் வெடிப்புக்குள் இறங்கி மூடிவிட்டது. அன்றைக்கே எங்கள் பையன் அவரிடம், "அண்ணா, டயர் வெடிப்பு விட்டிருக்குதுங்க, சீக்கிரம் மாத்திருங்க" என்று சொன்னான். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். டயர் விற்க நாங்கள் டயர் கடை வைத்திருக்கவில்லை. அவனுக்குத் தெரிந்ததைச் சொன்னான். அதற்குக் கிடைத்த மரியாதைதான் இந்த வீடியோ.

என்னைச் சொன்னது போகட்டும். கமென்ட்டில் "வாட்டர் வாஷ் பசங்களுக்கு என்ன தெரியும், படிப்பு வராதவனுங்க" என்று எழுதியிருக்கிறார்கள், அதற்கு நூற்றுக்கும் மேல் லைக். அந்தப் பையன் அதைப் படித்துவிட்டான். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலை ஆறரைக்குத் தொடங்கி ராத்திரி பதினொன்று வரைக்கும் இருபத்தொரு வண்டிக்கு டயர் தேய்த்தவன். கிளீனர் பட்டு விரல் நுனியெல்லாம் வெள்ளையாகச் சுருங்கியிருந்தது. கிளவுஸ் கொடுத்தால் பிரஷ் பிடி கிடைக்கவில்லை என்று கழற்றிவிடுவான். வீடியோ வந்த மறுநாள் கடைக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாள் வந்து ஓரமாக நின்று, "அண்ணா, நான் சரியாத்தானுங்க தேச்சேன்?" என்று கேட்டான். ஏழு வருடமாக என்னிடம் இருக்கிறான். இப்படி ஒரு கேள்வியை அவன் கேட்டதில்லை.

பளபளப்பு பிடிக்கும் என்று சொல்லுங்கள், அது உங்கள் விருப்பம். கல்யாண வண்டிக்கு நானே போட்டுத் தருகிறேன். ஆனால் ஏமாற்றினான் என்று சொல்வதற்கு முன்னால் எட்டு நாள் பொறுக்க முடியாதா?

இன்றைக்கு அந்த வீடியோ எடுத்து எட்டாவது நாள். நடுவில் இரண்டு நாள் நல்ல மழை, அதனால் எங்கள் டயரும் மங்கித்தான் இருக்கும். பரவாயில்லை. வண்டியைக் கழுவாமல் அப்படியே நிறுத்தி, அதே நாலு டயரையும், சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற கதவையும் ஒரு தடவை எடுத்துப் போடுங்கள் சார். ஒரு வெள்ளைத் துணியும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பையனும் பார்க்கட்டும்.