கூட்டத் தெரிந்தவர்கள் கழிக்கவும் பழகட்டும்

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் மேடையில் நின்று, ஏறி இறங்கும் கோடு ஒன்றைத் திரையில் காட்டி, "நம்ம திருப்பூரு உற்பத்தித்திறன் ஏறாம நிக்கறதுக்கு ரெண்டே காரணம்தானுங்க. ஒண்ணு சாயத்தண்ணிச் சட்டம், இன்னொண்ணு படிக்காத ஆளுங்க" என்று அவர் சொன்னதும் கைதட்டல் கேட்டதே, அதேதான். பேர் போடவில்லை, போடவும் தேவையில்லை. இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்து பார்த்தேன். முடியவில்லை.

என் கேள்வி ரொம்பச் சின்னது. துணியைக் கூட்டினீர்கள், சரி. தண்ணீரை எங்கே கழித்தீர்கள்?

உற்பத்தித்திறன் என்றால் போட்டதற்கு எவ்வளவு வந்தது என்கிற கணக்கு. ஆள், மெஷின், கரண்ட், நூல் எல்லாம் போட்ட பக்கம். துணி வந்த பக்கம். சாயப்பட்டறையிலிருந்து துணி மட்டுமா வருகிறது? பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் பிடிக்க உப்புப் போட்டாக வேண்டும். அடர்ந்த கலர் என்றால் சாயக்கரைசல் லிட்டருக்கு 60 கிராம், 80 கிராம்கூட ஆகும். அந்த உப்பு துணியில் தங்குவதில்லை, அத்தனையும் தண்ணீரோடு வெளியே போகும். துணியை எடைபோட்டு விற்றோம், உப்புத்தண்ணீரை நொய்யல் ஆற்றில் விட்டோம். உங்கள் கோட்டில் முதலாவது இருக்கிறது. இரண்டாவதைக் காணோம்.

இது நான் சொந்தமாகக் கண்டுபிடித்த குதர்க்கம் இல்லை. 1997-லேயே சங், ஃபாரே, கிராஸ்காப் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஸ்வீடன் நாட்டுக் காகித ஆலைகளை வைத்து இதற்கென ஒரு குறியீடு போட்டார்கள். மாம்க்விஸ்ட்-லுயன்பெர்கர் குறியீடு. பேர்தான் வாயில் நுழையாது, விஷயம் அம்மாவைப் பெற்ற எங்கள் அமுச்சிக்கே புரியும். நல்ல விளைச்சல் கூடினால் மட்டும் போதாது, வேண்டாத விளைச்சலும் குறைந்தால்தான் முழு மதிப்பெண். நாட்டுக் கணக்கிலும் இயற்கையைச் சேர்க்க வேண்டும் என்று பார்த்தா தாஸ்குப்தா தலைமையிலான குழு 2013-ல் நம் அரசுக்கே அறிக்கை கொடுத்திருக்கிறது. மேடையில் கோடு போடுகிறவர்கள் இதையெல்லாம் ஒரு தரமாவது புரட்டியிருக்கலாம்.

அமுச்சி என்றதும் ஞாபகம் வருகிறது. அவருடைய தோட்டம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. 1992-ல் பாசனத்துக்கென்று திறந்த அணை அது. வாய்க்காலில் தண்ணீர் வரும், மஞ்சள் போடலாம் என்று அப்புச்சி கணக்குப் போட்டு வைத்திருந்தாராம். தேங்கியதோ சாயத்தண்ணீர். கொஞ்ச வருடத்தில் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் போனது. மாடு தொட்டியில் வாயை வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். தென்னையில் காய் எலுமிச்சை அளவுக்குச் சூம்பியது. பள்ளி லீவுக்குப் போனால் குடிக்கத் தண்ணீர் இங்கிருந்து கேனில் கொண்டுபோவோம். கிணறு இருக்கிற வீட்டுக்குக் கேன் தண்ணீர்! அந்த வருடங்களில்தான் பனியன் ஏற்றுமதி மளமளவென்று ஏறியது. உங்கள் படத்தில் மேலே போகிற கோடு அதுதான். அமுச்சியின் தென்னை எந்தப் படத்திலும் கிடையாது.

"அப்போ 2011-ல் மூடினதில் எத்தனை பேர் வேலை போச்சு தெரியுமா?" என்று ஒருவர் வருவார். வரட்டும். தெரியும் தம்பி. ஜனவரி 28-ம் தேதி உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது வேலை போனவர்களில் எங்கள் அப்பாவும் ஒருவர். அவர் டையிங் மாஸ்டர், பட்டறையில் சாயம் ஏற்றுகிற பொறுப்பு அவருடையது. மாமியார் தோட்டத்தைக் கெடுத்த தண்ணீர் மாப்பிள்ளை கைபட்ட தண்ணீர். பொங்கலுக்கு அந்த வீட்டில் அவர் எப்படித் தலைகுனிந்து சாப்பிட்டு எழுவார் என்று பார்த்தவன் நான். எனக்கு இரண்டு பக்கமும் தெரியும். உங்களுக்கு ஒரு பக்கம்கூட முழுசாகத் தெரியவில்லை.

அப்புறம் அந்தப் "படிக்காத ஆளுங்க". எனக்கு நிஜமாகவே வலித்தது இதுதான்.

மனித மூலதனத்தை, அதாவது ஆட்களிடம் இருக்கிற படிப்பையும் திறமையையும், அளக்கிறவர்கள் பெரும்பாலும் பள்ளியில் எத்தனை வருடம் உட்கார்ந்தார் என்று எண்ணுவார்கள். நாடுகளை ஒப்பிட வேறு வழி சுலபமாகக் கிடைக்காது, அதனால் எண்ணுகிறார்கள். அதைக் குற்றம் சொல்லவில்லை. அந்தக் கணக்கில் எங்கள் அப்பா ஆறு. ஆறாம் வகுப்பு, அவ்வளவுதான். ஆனால் ஷேடு, அதாவது கேட்ட நிறம், ஒரே தடவையில் விழாவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? அதே துணிக்கு மறுபடி சாயம், மறுபடி உப்பு, மறுபடி தண்ணீர், மறுபடி ஸ்டீம். சாயத்தைத் துணியில் பிடிக்கவைக்கிற சோடாவை அவசரப்பட்டுக் கொட்டினால் துணி திட்டுத்திட்டாகப் போகும். முதல் தடவையிலேயே ஷேடு பிடிக்கிற மாஸ்டர் ஒவ்வொரு லாட்டிலும் ஆற்றுக்குப் போகிற உப்பைக் குறைக்கிறார். சட்டமும் இயந்திரமும் வருவதற்கு முன்னாலேயே அதைச் செய்தவர்கள் இந்தப் படிக்காத ஆளுங்கதான்.

கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது என்று ஆன பிறகு பட்டறை திறந்தது. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து மீட்ட உப்புக்கரைசலை வைத்தே சாயம் ஏற்ற வேண்டும். அதன் அடர்த்தி ஒருநாள் போல ஒருநாள் இருக்காது. ஐம்பது வயதில் எங்கள் அப்பா அதை முதலிலிருந்து கற்றுக்கொண்டார். லேப்பில் இருந்த பட்டதாரிப் பையன்கள் அவரிடம்தான் கேட்பார்கள். சான்றிதழ் யாரும் கொடுக்கவில்லை. மனித மூலதனம் என்பது இது இல்லையென்றால் வேறு எதுங்க?

"போட்டி நாடுகளில் இதெல்லாம் பார்க்கிறார்களா?" என்பீர்கள். பக்கத்து வீட்டுக்காரன் குப்பையைத் தெருவில் கொட்டுகிறான் என்பதெல்லாம் ஒரு வாதமா? விடுங்கள். "நீ பனியன் போடலையா?" என்று கேட்கப் போகிறவர்களுக்கும் முன்கூட்டியே நன்றி. போட்டிருக்கிறேன். கழுத்துப்பட்டி தொளதொளவென்று ஆகிவிட்டது.

ஒரு நண்பர் மட்டும் நியாயமாகக் கேட்டார். தண்ணீரைக் காய்ச்சி உப்பைப் பிரிக்க பாய்லரில் விறகும் நிலக்கரியும் எரிகிறது, மிச்சக் கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, அதைக் கழித்தாயா என்று. கழிக்க வேண்டும். ஆற்றை மட்டும் பார்த்துப் புகையை விட்டால் நானும் அந்த மேடைக்காரர் மாதிரிதான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கவே முதலில் கழித்தல் கணக்கு ஒன்று வேண்டுமே? அவர் கூட்டலோடு நிறுத்திவிட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நேற்று ராத்திரி அப்பாவிடம் அந்த வீடியோவைக் காட்டினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுக்கப் பார்த்தார். "ஏங்கண்ணு, அவரு போட்டிருக்கற நீல டீசர்ட்டு கழுத்தோரம் வெளுத்திருக்குது பாரு, சோப்பிங் சரியா குடுக்கல" என்று சொல்லிவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தார். சோப்பிங் என்றால் துணியில் ஒட்டாத சாயத்தைச் சோப்புப் போட்டு அலசி எடுப்பது.

இதுவரை பதினொரு குரூப்பில் எனக்கு அது வந்துவிட்டது. தயவுசெய்து இனி யாரும் அனுப்ப வேண்டாம்.