வைரவர் சூலமும் அம்மம்மாவின் விளக்குமாறும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் வைரவர் கோயிலில் கூட்டம் நடந்தது. முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டானுக்கும் முள்ளியவளைக்கும் இடையில் உள்ள சிறிய ஊர் எங்களுடையது. கோயில் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். ஒரு பாலை மரம், அதன் அடியில் ஒரு சூலம், கற்பூரம் எரிந்து எரிந்து கறுத்துப்போன ஒரு கல், மேலே நாலு தகரம். அவ்வளவுதான். வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் பணம் தர முன்வந்திருக்கிறார்கள். கருங்கல்லில் மூலவர், கோபுரம், கும்பாபிஷேகம் என்று பேச்சு வளர்ந்தது. எனக்கும் மகிழ்ச்சிதான். அப்போதுதான் என்னிடம் படித்த ஒரு தம்பி எழுந்து சொன்னார்: "ரீச்சர், சூலத்தையும் மரத்தையும் கும்பிடுவது அறியாத காலத்து அடிமட்ட வழிபாடு. சூலத்தை எடுத்துவிட்டு, இனியாவது முறையான சைவத்துக்கு வருவோம்."

நல்ல பிள்ளை. ஊருக்கு உழைப்பவர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் "அடிமட்டம்" என்ற அந்தச் சொல் ஒரு கிழமையாக என்னைத் தூங்கவிடவில்லை. கூட்டத்தில் தொண்டை அடைத்துப் பேச முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

போர் முடிந்து 2010இல் நாங்கள் மீளக் குடியேற வந்தபோது வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டுமே இருந்தது. கண்ணிவெடி அகற்றிய பகுதி என்று நாடா கட்டியிருந்தார்கள். அந்த நாடாவுக்கு இப்பால் மட்டும்தான் கால் வைக்கலாம். கோயிலின் தகரங்களைக் காணவில்லை. பாலை மரத்தில் ஷெல் துண்டு கிழித்த வடு. பற்றை மூடியிருந்த இடத்தில் சூலத்தின் மூன்று முனைகளும் துருவேறி நின்றன. எங்களுக்குத் தறப்பாள் கட்டுவதா, கிணறு இறைப்பதா என்று நாங்கள் தடுமாறிக்கொண்டிருக்க, அம்மம்மா தென்னோலை ஈர்க்கைச் சீவிக் கட்டி விளக்குமாறு ஆக்கிக்கொண்டு போனா. பற்றையைப் பிடுங்கி முற்றத்தைக் கூட்டினா. பின்பக்கமாக நடந்து நடந்து கூட்டுவதுதான் அவவின் வழக்கம். கூட்டி முடித்த மணலில் தன் காலடி ஒன்றுகூடக் கிடக்கக்கூடாது. கடைசியில் சேலைத் தலைப்பால் சூலத்தின் துருவைத் துடைத்து, நிவாரணத்தில் கிடைத்த எண்ணெயில் ஒரு துளி எடுத்துப் பூசினா. அன்று இரவு நாங்கள் தறப்பாளின் கீழ் படுத்தோம். வைரவருக்கு விளக்கு எரிந்தது.

அம்மம்மா பள்ளிக்கூடம் போனது இரண்டாம் வகுப்பு வரைதான். பதி, பசு, பாசம், அதாவது இறைவன், உயிர், கட்டு என்று யாராவது சைவ சித்தாந்தம் சொன்னால் அவவுக்கு விளங்காது. ஆனால் அவ செய்ததற்குச் சைவத்தில் பெயர் இருக்கிறது. சரியை. கோயிலைக் கூட்டுவது, மெழுகுவது, பூ எடுப்பது, மாலை கட்டுவது, விளக்கேற்றுவது, அடியாருக்குப் பணி செய்வது. இறைவனுக்கு அடிமையாக நிற்பதால் அதைத் தாச மார்க்கம் என்கிறோம். அந்த வழிக்கு எடுத்துக்காட்டாக நம் பெரியோர் யாரைக் காட்டினார்கள்? அப்பரை. உழவாரப்படையைத் தோளில் வைத்துக்கொண்டு கோயில் வீதிகளில் புல் செதுக்கிய திருநாவுக்கரசரை. பூசையாகிய கிரியைக்குச் சம்பந்தர், யோகத்துக்குச் சுந்தரர், ஞானத்துக்கு மணிவாசகர். இந்த நால்வரில் அப்பரை அடிமட்டம் என்று சொல்ல யாருக்கு நா வரும்?

சரியையும் கிரியையும் யோகமும் ஞானமும் படிகள்தானே, மேலே போகவேண்டியதுதானே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். தாயுமானவர் அவற்றை அரும்பு, மலர், காய், கனி என்றார். ஒரே காம்பில் ஒன்றிலிருந்து ஒன்றாக விளைபவை. அரும்பைக் கிள்ளி எறிந்துவிட்டுக் கனிக்குக் காத்திருக்கும் தோட்டக்காரனை நான் கண்டதில்லை. எந்தத் தெய்வத்தை நீ கொண்டாலும் அந்தத் தெய்வமாகி வருபவர் உமையொரு பாகனே என்று சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரும் சொல்கிறது. அப்படியென்றால் பாலை மரத்தடிச் சூலத்துக்கு மட்டும் அவர் வரமாட்டாரா?

வன்னியில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. குளக்கட்டில் ஐயனார், வயற்கரையில் பிள்ளையார், புளியம்பொக்கணையிலும் புதூரிலும் நாகதம்பிரான். என் அப்பு தேன் எடுக்கக் காட்டுக்குள் இறங்கும்போது ஒரு குழையை முறித்து மரக்கொப்பில் செருகிக் கும்பிட்டுவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார். கோயில் இல்லை, விக்கிரகம் இல்லை, மந்திரமும் இல்லை. பச்சைக் குழை ஒன்று, அதற்கு முன்னால் தலை குனிந்த ஒரு மனிதன். கண்ணப்பர் கதையைப் படிப்பிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அப்புவின் முகம்தான் தெரியும். கோயில் பூசை விதிகளைச் சொல்லும் ஆகமம் அறிந்த சிவகோசரியார், சந்நிதியில் இறைச்சியைக் கண்டு பதறிப்போனார். வாயில் நீரும், தலையில் பூவும், கையில் இறைச்சியுமாக வந்த வேடனின் அன்பைக் காட்டுவதற்காகத்தான் காளத்திநாதர் கண்ணில் இரத்தம் வடித்தார். அந்தக் கதையைப் பெரியபுராணத்தில் வைத்துப் போற்றுகிற சமயம் நம்முடையது.

ஆறுமுக நாவலர் பெருமான் உயிர்ப்பலியைக் கண்டித்தார். அதில் நான் முழுக்க அவர் பக்கம். ஒரு வாயில்லாச் சீவனின் கழுத்தை வெட்டி எந்தத் தெய்வத்தையும் மகிழ்விக்க முடியாது. ஆனால் அவர் கண்ணகி வழிபாட்டையும் கண்டித்தார். அங்கே என்னால் அவரோடு நடக்க முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் பல கண்ணகி கோயில்கள் இராசராசேசுவரி என்றும் புவனேசுவரி என்றும் பெயர் மாறின. எங்கள் முல்லைத்தீவு வற்றாப்பளையில் அம்மன் கண்ணகியாகவே இருக்கிறா. நந்திக்கடல் வெளியில் மாடு மேய்த்த சிறுவர்களிடம் ஒரு கிழவியாக வந்து பசிக்கிறது என்றா, பொங்கிக் கொடுத்தார்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றார்கள். கடல்நீரை விட்டு எரியுங்கள் என்றா. தலையில் பேன் பார்த்த பிள்ளைகள் அங்கே ஆயிரம் கண்களைக் கண்டார்கள். இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு முன் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில்தான் விளக்கேற்றுகிறார்கள். அதே நந்திக்கடல் கரையில் 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில் என்ன நடந்தது என்பதை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்தக் கரையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் இன்றும் பொங்கல் திங்கட்கிழமைக்குக் கற்பூரச் சட்டி ஏந்தி வருகிறார்கள். அவர்களிடம் போய் உங்கள் வழிபாடு எந்த மட்டம் என்று கேட்க முடியுமா?

ஞானம் என்ற சொல்லைக் கேட்டால் நமக்குத் தூரத்து மலைக்குகை நினைவுக்கு வருகிறது. 1964இல் சமாதியடைந்த யாழ்ப்பாணத்து ஞானி யோகர் சுவாமிகள் துறவுக்கு முன் வேலை பார்த்தது நம்முடைய கிளிநொச்சியில், நீர்ப்பாசன வேலையில் களஞ்சியக் காப்பாளராக. "சும்மா இரு" என்றும் "எப்பவோ முடிந்த காரியம்" என்றும் சொன்ன அதே சுவாமிகள்தான் சிவதொண்டு, சிவதொண்டு என்று ஓயாமல் சொன்னவரும். ஞானத்தில் நின்றவர் தொண்டு செய்வதை விடச் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்கு நடப்பவர்கள் நம் ஊர்கள் வழியாகத்தான் போகிறார்கள். முருகனின் வேலைத் தாங்கிக்கொண்டு கொப்புளம் கண்ட காலோடு மோர் கேட்டு நிற்கும் அவர்களிலே பட்டதாரியும் உண்டு, கூலிவேலை செய்பவரும் உண்டு. யார் எந்தப் படியில் நிற்கிறார் என்று மோர் ஊற்றும்போது நான் பார்த்ததில்லை.

ஆகமக் கோயில் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. கிரியையும் நால்வகையில் ஒன்றுதான். திருக்கேதீச்சரத்தில் பாலாவியில் நீராடிவிட்டு நிற்கும்போது எனக்கும் மெய் சிலிர்க்கும். ஒட்டுசுட்டான் தான்தோன்றீசுவரரையே எடுத்துக்கொள்ளுங்கள். குரக்கன் அறுத்தபின் நின்ற ஒட்டை, அதாவது தாளை, சுட்ட இடத்தில் லிங்கம் வெளிப்பட்டதாகத்தான் ஊர்க் கதை. இன்று அங்கே முறையாகப் பூசை நடக்கிறது. ஆனால் அந்த இடத்தை யாரும் மாற்றவில்லை, அந்த லிங்கத்தைத் தூக்கி எறியவில்லை.

ஆகவே நிர்வாகத்தாரிடம் என் வேண்டுகோள் இதுதான். கருங்கல் விக்கிரகம் வரட்டும், ஐயர் வந்து பூசை செய்யட்டும், மணி மண்டபமும் கட்டுங்கள். என் ஓய்வூதியத்திலிருந்து என்னால் ஆனதைத் தருகிறேன். சூலத்தை மட்டும் அசைக்காதீர்கள். பாலை மரத்தில் கோடரி படவேண்டாம். முற்றம் முழுவதற்கும் சீமெந்து போடாமல் கொஞ்ச மணலை விட்டுவையுங்கள், கூட்டுவதற்கு.

தம்பி, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அடுத்த கூட்டம் ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு. நான் மூன்று மணிக்கே வந்துவிடுவேன். அம்மம்மா போன பிறகு அந்த முற்றம் என் பொறுப்பு. நேரம் இருந்தால் நீங்களும் ஒரு விளக்குமாறு எடுத்துக்கொண்டு வாருங்கள்.