'லைலா' ஏற்காட்டுல பொறந்த பாட்டு இல்லைங்க

"எரிக் கிளாப்டன் ஏற்காடு எஸ்டேட் பங்களால தங்கி, லேடீஸ் சீட் வியூபாயிண்ட்ல பாத்த பொண்ணுக்காக எழுதுனதுதான் லைலா"ன்னு நம்ம சேலம் குரூப்ல எல்லாம் ஒரு மெசேஜ் சுத்துது. படிக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா உண்மை இல்ல. அது இங்கிலாந்து கிடார் கலைஞர் கிளாப்டன் இருந்த டெரெக் அண்ட் த டாமினோஸ்ங்கிற ராக் பேண்டோட பாட்டு, 1970ல அமெரிக்காவுல மயாமியில இருக்க கிரைட்டீரியா ஸ்டூடியோல ரெக்கார்ட் பண்ணி 1971ல சிங்கிளா வந்துச்சு. பாட்டுல வர்ற பொண்ணு பேட்டி பாய்ட், அப்ப அவங்க பீட்டில்ஸ் பேண்ட்ல இருந்த ஜார்ஜ் ஹாரிசனோட மனைவி (அது தனிக்கதை), பேரு மட்டும் பாரசீகக் கவிஞர் நிஜாமி எழுதுன லைலா மஜ்னு கதையில இருந்து எடுத்தது. கிளாப்டன், பேட்டி பாய்ட் ரெண்டு பேரோட சுயசரிதையும் 2007ல வந்திருக்கு, சந்தேகம்னா அதுல பாத்துக்கங்க. ஏற்காட்டுக்குப் பெருமை வேணும்னா காப்பியும் மிளகும் போதாதா? உங்களுக்கு வந்தா ஃபார்வர்ட் பண்ணாம அங்கயே நிறுத்திடுங்க.