‘சர்க்கரை சேர்க்காத’ கேக்கிலும் மாவு இருக்கிறது

“சர்க்கரை சேர்க்கப்படாதது என்று பெட்டியில் போட்டிருந்தால், நீரிழிவு உள்ளவர்கள் விருந்தில் அந்த கேக்கை எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்” என்று ஒரு செய்தி பகிரப்படுகிறது. மன்னிக்கவும், அது சரியல்ல. ரத்தச் சர்க்கரையை ஏற்றுவது வெள்ளைச் சர்க்கரை மட்டுமல்ல, மாவும்தான். 100 கிராம் மைதாவில் ஏறக்குறைய 75 கிராம் மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) இருக்கிறது. இனிப்புக்காகச் சேர்க்கும் மால்டிடாலும் ஓரளவு ஏற்றும். அதிகமானால் வயிற்றுப்போக்கு வேறு.

சரிபார்ப்பது சுலபம். பெட்டியைத் திருப்பி, ‘சர்க்கரை’ வரியோடு நின்றுவிடாமல் ‘மொத்த கார்போஹைட்ரேட்’ வரியைப் படியுங்கள். பலர் தவறுவது அளவில்தான். 30 கிராமுக்கு 18 கிராம் என்று போட்டிருக்கும். தட்டில் விழும் துண்டோ 90 கிராம் இருக்கும். அப்போது கணக்கு 54. உங்கள் உணவுத் திட்டம் அந்த வேளைக்கு 45 கிராம்தான் என்றால், கேக் மட்டுமே அதைத் தாண்டிவிட்டது. பாதித் துண்டு எடுங்கள், 27 ஆகும். மீதி 18 கிராமுக்கு வேறு ஏதாவது சாப்பிட இடமிருக்கும்.

இன்னும் சந்தேகமிருந்தால், முதல் வாய்க்கு முன்பு ஒருமுறையும் அதிலிருந்து 2 மணி நேரம் கழித்து ஒருமுறையும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். எவ்வளவு ஏறியது என்று அதுவே காட்டிவிடும்.