நிக்கத் தெரியாதவனுக்கு என்ன சுதந்திரம்?

ஞாயிற்றுக்கிழமை எங்கட கூடைப்பந்து மெச்சுக்குப் பிறகு மேடையில ஒரு ஐயா கதைச்சதை எல்லாரும் கேட்டிருப்பீங்க. கேட்காதவங்களுக்கும் வீடியோ வந்திருக்கும். "ஃபோமேஷன் என்டு சொல்லிப் பிள்ளைகளைக் கட்டிப் போடாதீங்க, சுதந்திரமா விளையாட விடுங்க." கைதட்டல் வேற. தோத்த டீமின்ட கோச் நான் மேடைக்குக் கீழதான் நிக்கிறன் என்டு தெரிஞ்சே சொன்னார். சரி ஐயா, சந்தோஷம்.

ஆனா ஒண்டு கேட்கிறன். ஃபோமேஷன் என்டா யார் எங்க நிக்கிறது என்ட ஒழுங்குதான். எங்க நிக்கிறது என்டு தெரியாதவனுக்குச் சுதந்திரம் குடுத்து என்ன செய்ய?

எதிரணி 2-3 சோன் போட்டு, அதாவது முன்னுக்கு ரெண்டு பேர், கூடையடியில மூண்டு பேர் என்டு ஆளுக்கொரு இடத்தைக் காத்து, உள்ளுக்கு அடைச்சுக் கொண்டு நிக்குது. பந்து கைக்கு வந்தா 24 செக்கனுக்குள்ள கூடைக்கு எறியணும், அந்த நேரம் ஓடுது. அதில நடுக்கோட்டைத் தாண்டவே 8 செக்கன் வரைக்கும் போகலாம். இந்த நேரத்தில 'சுதந்திரமா' விட்டா, கோழிக்குத் தீன் போட்ட மாதிரி அஞ்சு பேரும் பந்தடியில. கடைசியில ஸ்டார் பொடியன் ஒருத்தன் மூண்டு பேருக்கு மேலால எறிவான். விழுந்தா பிறவித் திறமை, விழாட்டி கோச் சரியில்ல.

நாங்க 1-3-1 நிண்டது, அதாவது முன்னுக்கு ஒருத்தன், நடுவில மூண்டு பேர், கூடையடியில ஒருத்தன் என்டு நிண்டது விசருக்கில்ல. முன்னுக்கு நிக்கிற ரெண்டு டிஃபென்டருக்கும் நடுவில பந்தைக் கொண்டு வாற எங்கட பொயின்ட் கார்ட் நிண்டா, யார் அவனைப் பிடிக்கிறது என்டு அவங்களுக்கே குழப்பம். கூடைக்கு நேர முன்னுக்கு இருக்கிற ஃப்ரீ த்ரோ கோட்டில நிக்கிற எங்கட பொடியன்ட கைக்குப் பந்து போனா, கூடைக்குக் கீழ நிக்கிற அவங்கட உயரமானவன் மேல ஏறி வரத்தான் வேணும். வந்தா அவன் விட்டுட்டு வந்த இடத்தில வெளி விழும். பேஸ்லைனில, கூடைக்குப் பின்பக்க எல்லைக் கோட்டோரம், ஓடுற எங்கட பொடியன் அதுக்குள்ள வரணும். அந்த வெளியை உண்டாக்கித் தாறதுதான் ஃபோமேஷன். மறுகா ஷூட் பண்றதா, பாஸா, ட்ரைவா என்டு முடிவெடுக்கிறது பிள்ளைதான். இதில எங்க கட்டிப் போட்டிருக்கு?

எங்களுக்குப் பழக்கின சேர் சீமெந்துத் தரையில அஞ்சு சிரட்டையைக் கவிழ்த்து வைப்பார். பந்தே இல்ல. சிரட்டைக்குச் சிரட்டை நடக்கணும், மூணு மணி வெயிலில. "பந்தைப் பார்க்காத மனே, இடத்தைப் பார்" என்பார். எங்களுக்கு அவரைக் கண்டாலே எரிச்சல். ஆனா மெச்சில கண்ணை மூடிக் கொண்டு பாஸ் போட்டாலும் அங்க ஒருத்தன் நிப்பான். பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பழக்கின வெபர் சுவாமி, ஹேபர்ட் சுவாமி என்டு பெயர் சொல்லிப் பெருமைப்படுற ஊர் இது. அவங்களும் பந்தை நடுவில போட்டு 'ஓடுங்கடா' என்டா விட்டாங்க?

"ஜோர்டானுக்கு யார் ஃபோமேஷன் சொல்லிக் குடுத்தது?" என்டு ஒரு தம்பி கமென்ட் போட்டிருந்தார். டெக்ஸ் வின்டர் என்ட கோச், தம்பி. அவர் வளர்த்தெடுத்த ட்ரையாங்கிள் ஒஃபென்ஸ் என்ட ஆட்ட முறையைத்தான் தலைமைக் கோச் ஃபில் ஜக்சன் ஜோர்டான்ட டீமான சிகாகோ புல்ஸில விளையாட வைச்சார். 1991 தொடக்கம் 1998 வரைக்கும் ஆறு கப். ஜோர்டானே அதுக்குள்ள நிண்டு விளையாடினவர். எங்கட பொடியன்களுக்கு மட்டும் அது விலங்காம்.

சின்னப் பிள்ளைகளுக்கு முதல்ல பந்தைத் தட்டி ஓடுற ட்ரிபிளும் பாஸும்தான், ஃபோமேஷன் பிறகு என்டு சொன்னா ஒத்துக்கொள்றன். ஆனா இவங்க 19 வயசுப் பிரிவு! இன்னும் எத்தினை வயசில பழக்கட்டாம்?

"தோத்ததை மூடத்தான் இவ்வளவு நீளத்துக்கு எழுதுறான்" என்டும் வரும். தோத்துத்தான் போனம். கூடைக்குக் கிட்டப் போய்ப் போடுற லே-அப், திறந்து கிடந்தும் விழல்ல. லே-அப் விழாததுக்கு 1-3-1 என்ன செய்யும்? பெண்பிள்ளைகள் டீமும் நாங்களும் ஒரே கோர்ட்டைப் பங்கு போட்டுப் பழகிறதைப் பற்றி மேடையில ஒரு சொல் வரல்லயே.

உண்மையில எனக்கு நோகிறது வேற. எங்கட டீமில ஸ்கிரீன் போடுற பொடியன் ஒருத்தன் இருக்கான். அவன் எதிராளியை மறிச்சு நிண்டு நெஞ்சில இடி வாங்கினாத்தான் மற்றவனுக்கு ஷொட் வரும். ஸ்கோர் சீட்டில அவன்ட பெயருக்கு நேர வெறுமை. அவன்ட அம்மா வந்து கேட்கிறா, "ஏன் சேர், மகன் ஒரு போலும் போடல்ல, இனி நிப்பாட்டவா?" என்டு. அந்த அம்மாவில பிழையில்ல. போட்டவனை மட்டும் தூக்கிப் பிடிச்சுப் பழக்கினது நீங்கதான்.

மெச் படம் போட்ட பக்கத்துக்காரரும் இதை வாசிப்பீங்க. வெட்டாத படத்தை ஒருக்காப் போடுங்க. ஷூட் பண்றவனுக்கு இடப்பக்கம் ஓரத்தில தோள் மட்டும் தெரியுதே, அது அவன்தான்.